பத்து மணிக்கு முன்னால்

எங்கள் ஆராய்ச்சி நிலையத்தில் என் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. "பத்துமணி எங்கே?" என்று கேட்டால் வாசல் காவலாளி முதல் தலைவர் வரை எல்லாரும் கண்ணாடிக் கூடத்தைக் கை காட்டுவார்கள். பதினான்கு வருடமாகக் காலை சரியாகப் பத்து மணிக்கு முதல் தொட்டியில் இருக்கும் செடியின் இலையில் கவ்வியைப் போடுகிறேன். ஒரு நிமிடம் முன்னேயும் இல்லை, பின்னேயும் இல்லை. பெயர் வைத்தவர்கள் கேலிக்குத்தான் வைத்தார்கள். எனக்கு உள்ளூரப் பெருமைதான்.

என் வேலை என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இலையைக் கவ்வுவதற்கு ஒரு சம்பளமா என்று தோன்றும். இலையின் அடிப்பக்கம் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன வாய்கள் இருக்கின்றன. செடி காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுத்துச் சாப்பிட வேண்டுமானால் அவற்றைத் திறந்தாக வேண்டும். திறந்தால் உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாக ஓடிவிடும். ஒரு பங்கு சாப்பாடு உள்ளே வருவதற்குள் நூற்றுக்கணக்கான பங்கு தண்ணீர் வெளியே போய்விடும். மூடிக்கொண்டால் தண்ணீர் மிச்சம், ஆனால் வயிறு காலி. விடிந்ததிலிருந்து இருட்டும்வரை செடியின் பிழைப்பு இந்த இழுபறியில்தான் போகிறது. என் கருவி, துணி உலர்த்தும் கிளிப்பைப் போல இலையைப் பிடித்துக்கொண்டு, எவ்வளவு வாயு உள்ளே போனது, எவ்வளவு தண்ணீர் வெளியே வந்தது என்று இரண்டு எண்களைக் காட்டும். ஒரு தொட்டிக்கு இரண்டரை நிமிடம். நாற்பத்தெட்டுத் தொட்டிகளையும் முடித்து நிமிரும்போது மணி பன்னிரண்டு அடிக்கும்.

இந்தப் பருவத்தில் கூடத்தில் இருந்தவை பன்னிரண்டு ரக பீன்ஸ். ஒரே தாய்ச் செடியின் பிள்ளைகள், பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது எது என்று எனக்கே தெரியாது. தண்ணீர் குறைந்த நிலத்துக்கு ஏற்ற நான்கைத் தேர்ந்தெடுத்து வெளி வயலில் நட வேண்டும். இடம் நான்குக்குத்தான். மிச்சம் எட்டையும் வெள்ளிக்கிழமை பிடுங்கிப் போட்டுவிடுவார்கள்.

அதில் ஏழாம் எண் என் நாத்தனாருடையது. என் கணவரின் தங்கை. எங்கள் வீட்டிலேயே, பின்னறையில் இருக்கிறாள். சின்ன வயதிலிருந்தே காதருகில் வந்து எதையாவது கேட்டுக்கொண்டே இருப்பாள் என்று அவள் அண்ணன் வைத்த பெயர் கொசு. நிலையத்திலும் அதுவே நிலைத்துவிட்டது. நான் அளப்பவள், அவள் ரகங்களை உருவாக்குபவள். ஏழாம் எண்ணை உருவாக்க அவளுக்கு ஆறு வருடம் ஆனது. அது தேறாவிட்டால் அந்த வேலை அதோடு சரி. அவளை ஆவண அறைக்கு மாற்றிவிடுவதாகத் தலைவர் போன மாதமே சொல்லியிருந்தார். பழைய காகிதங்களை வருடவாரியாக அடுக்குகிற வேலை. செடியைத் தொடவே வேண்டாம்.

ஏழாம் எண்ணோ என் கவ்விக்கு மசியவே இல்லை. நாள் தவறாமல், நான் போய்ப் பிடிக்கும்போதெல்லாம் வாயை இறுக்கி மூடிக்கொண்டிருந்தது. பன்னிரண்டில் பன்னிரண்டாவது இடம். இரண்டாம் வாரமே நான் வெறுத்துப்போய், கூடத்துச் சுவரில் இருந்த கரும்பலகையில் அதன் எண்ணுக்கு நேராக 'சோம்பேறி' என்று எழுதிவைத்தேன். வேடிக்கைக்குத்தான். பிறகு எல்லாரும் அதை அப்படியே கூப்பிட ஆரம்பித்தார்கள். கொசுவும் சிரித்தாள். வாய் சிரித்தது, கண் சிரிக்கவில்லை. அதை நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

திங்கட்கிழமை மதியம் உணவுக்கூடத்தில் என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணி, ஒண்ணு கேட்டா கோச்சுக்க மாட்டீங்களே?"

"கேளு. கோச்சுக்கறதா வேண்டாமான்னு அப்புறம் முடிவு பண்றேன்."

"ஏழாம் நம்பரை ஒரு நாள் விடியக்காலைல அளந்து பாருங்களேன்."

"ஏன், பத்து மணிக்கு அதுக்கு வெக்கமா இருக்கா?"

அவள் சிரிக்கவில்லை. "இலையை எண்ணிப் பாருங்க அண்ணி. மத்ததுக்கு இருக்கிற அளவு அதுக்கும் இருக்கு. தண்டு தடிப்பா இருக்கு. நாள் பூரா வாயே திறக்காத செடி எதைத் தின்னு இவ்வளவு வளருது?"

நியாயமான கேள்விதான். கேட்டது அவள் என்பதால்தான் எனக்குச் சுர்ரென்று ஏறியது. "நல்லா இருக்கு. மார்க் வரலைன்னா பரீட்சை நேரத்தை மாத்தணுமா? நாளைக்கு ஊரே என்ன பேசும்? நாத்தனாருக்காகப் பத்துமணி வளைஞ்சு குடுத்துட்டான்னு பேசும். பதினாலு வருஷத்துல யாருக்காகவும் ஒரு எண்ணை நான் மாத்தி எழுதினதில்லை."

"மாத்தி எழுதச் சொல்லலை அண்ணி. வேற நேரத்துல எழுதச் சொன்னேன்."

"ரெண்டும் ஒண்ணுதான்."

அவள் பாதிச் சாப்பாட்டை மூடி எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். எப்போதும் ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுக்கிறவள் பேசாமல் போனது எனக்குப் பிடிக்கவில்லை. எனக்கும் அதன்பிறகு சோறு இறங்கவில்லை.

அன்று மாலை மாடியில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு அக்காவும் தன் துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். நல்ல மனுஷிதான், ஆனால் அடுத்த வீட்டுச் சங்கதி ஒன்று கிடைத்துவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடே வேண்டாம்.

"உங்க வீட்டுக்காரருக்கு உடம்புக்கு ஏதாவதா?" என்றார்.

"இல்லையே, ஏன்?"

"எப்பப் பார்த்தாலும் பால்கனில அந்தச் சாய்வு நாற்காலில படுத்தே கிடக்காரே. ரெண்டு மணிக்குப் பார்த்தாலும் தூக்கம், மூணு மணிக்குப் பார்த்தாலும் தூக்கம். குடுத்து வெச்சவர். நீங்க பாவம் ஓடி ஓடி உழைக்கிறீங்க."

என் கணவர் பேருந்து ஓட்டுநர். முதல் வண்டி அவருடையது. நாலு மணிக்கு நான் போர்வைக்குள் இருக்கும்போதே கிளம்பிவிடுவார். மதியம் ஒன்றுக்கு வந்து விழுவார். எனக்கு வந்ததே கோபம்.

"அவரு எழுந்து ஓடற நேரத்துல நீங்க தூங்கறீங்க. நீங்க பார்க்கிற நேரத்துல அவரு படுத்திருக்காரு. காலைல நாலு மணிக்கு எழுந்து வந்து பார்த்துட்டு அப்புறம் சொல்லுங்க, யாரு சோம்பேறின்னு" என்றேன்.

"நான் சோம்பேறின்னு சொல்லவே இல்லையே" என்றார் அவர், முகம் வாடிப்போய்.

உண்மைதான். அந்த வார்த்தையை அவர் சொல்லவில்லை. என் வாயிலிருந்துதான் வந்தது. கையில் ஒரு தலையணை உறையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். மன்னிப்புக் கேட்க வேண்டியது எதிர்வீட்டு அக்காவிடமா, கொசுவிடமா, ஒரு பீன்ஸ் செடியிடமா என்று குழப்பமாக இருந்தது. "கோச்சுக்காதீங்க அக்கா, ஆபீஸ்ல ஒரு தலைவலி" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தேன்.

பின்னறைக் கதவு சாத்தியிருந்தது. தட்டினேன். கொசு கட்டிலில் உட்கார்ந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். மாற்றல் விண்ணப்பமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். கேட்கவில்லை.

"நாளைக்குத் தலைவர்கிட்ட பேசப் போறேன்" என்றேன். "ஆனா உன் செடியை மட்டும் அளக்க மாட்டேன். பன்னெண்டையும் அளப்பேன். விடியறதுக்கு முன்னாடியிருந்து பொழுது சாயற வரைக்கும், மணிக்கு ஒரு சுத்து."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

"இன்னும் முடிக்கலை. தொட்டி எண்ணையெல்லாம் மறைச்சு, இடம் மாத்தி வைக்கணும். எது உன்னோடதுன்னு எனக்குத் தெரியக்கூடாது. அன்னிக்கு நீ கூடத்துக்குள்ள கால் வைக்கக்கூடாது. வெளியில இருந்துகிட்டு கண்ணாடி வழியா கண்ணு காட்டவும் கூடாது."

"சரி அண்ணி."

"சோம்பேறின்னு தெரிஞ்சா சோம்பேறின்னுதான் எழுதுவேன்."

"எழுதுங்க" என்றாள். அப்போதுதான் கண்ணும் சேர்ந்து சிரித்தது.

தலைவர் எதையும் உடனே மறுக்கவும் மாட்டார், உடனே ஒத்துக்கொள்ளவும் மாட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டுவதற்குள் நமக்கு அரை ஆயுள் போய்விடும். செவ்வாய்க்கிழமை காலை அப்படித்தான் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"கூடமே ஒம்பதரைக்குத்தானே திறக்குது?"

"சாவியைக் குடுங்க சார்."

"நாப்பத்தெட்டுத் தொட்டியை ஒரு மணி நேரத்துல எப்படி அளப்பீங்க?"

"ரகத்துக்கு ரெண்டு தொட்டி, மொத்தம் இருபத்தி நாலு. மூச்சு விடாம அளந்தா ஒரு மணி நேரத்துக்குள்ள முடியும்."

"பன்னெண்டு மணி நேரம் நீங்க ஒருத்தரேவா?"

"வேற யாரு கவ்வியைப் பிடிச்சாலும் நான் நம்ப மாட்டேன் சார்."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சாவிக்கொத்தை மேசை மேல் வைத்தார். அன்று மாலை தண்ணீர் ஊற்றுகிற அண்ணன் தொட்டி எண்களின் மேல் நிறநிறமாகக் காகிதம் ஒட்டி, இருபத்துநான்கு தொட்டிகளையும் கலைத்து வைத்தார். தினமும் மாலை ஒவ்வொரு தொட்டியையும் தராசில் நிறுத்து, குறைந்த எடைக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர் அவர். எந்தக் காகிதத்துக்கு அடியில் எந்த எண் என்ற பட்டியல் அவர் சட்டைப்பையில் இருந்தது. "கெஞ்சினாலும் காட்ட மாட்டேம்மா" என்றார். கெஞ்சத் தோன்றியது உண்மைதான்.

இரவு சாப்பிடும்போது கணவரிடம், "நாளைக்கு உங்க வண்டிலதான் வரேன்" என்றேன். அவர் கொட்டாவி விட்டுக்கொண்டே "ம்" என்றார். மாலையில் அவரிடமிருந்து எனக்குக் கிடைப்பது அவ்வளவுதான். நான் ஐந்தரைக்கு வருவேன், அவர் எட்டரைக்குப் படுத்துவிடுவார். இடையில் இருக்கும் மூன்று மணி நேரத்தில் நான் நாள் முழுக்கச் சேர்த்த எரிச்சலைக் கொட்டுவேன், அவர் கொட்டாவி விடுவார். இருபத்திரண்டு வருடக் குடித்தனம். பேச்சில்லாத மனுஷன் என்று என் அம்மாவிடம் எத்தனையோ முறை புலம்பியிருக்கிறேன்.

புதன்கிழமை ஐந்து மணிக்குத் தெருமுனை நிறுத்தத்தில் நின்றேன். வண்டி வந்தது. ஏறினால், ஓட்டுநர் இருக்கையில் எனக்குத் தெரியாத ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறார். முகம் அதே முகம்தான். ஆனால் தலை படிய வாரி, சட்டை மடிப்புக் கலையாமல், கண் பளிச்சென்று இருக்கிறது. ஏதோ ஒரு மெட்டை முணுமுணுக்கிறார். என்னைப் பார்த்ததும், "வாங்க வாங்க, முன் சீட்டு உங்களுக்குத்தான் போட்டு வெச்சிருக்கேன்" என்றார். வீட்டில் நான்கு நாளைக்குப் பேசுகிற பேச்சு அது.

அடுத்த நிறுத்தத்தில் இரவு வேலை முடித்த ஒரு நர்ஸ் தூரத்தில் ஓடி வந்துகொண்டிருந்தாள். அவளுக்காக வண்டியைப் பிடித்து வைத்தார். "மெதுவா வாம்மா, நீ இல்லாம வண்டி நகராது" என்றார். காய்கறி மூட்டையோடு ஏறிய பெரியவரிடம், "பொண்ணு இன்டர்வியூ என்னாச்சு?" என்று கேட்டார். கிடைத்துவிட்டதாம். இவர் ஸ்டியரிங்கைத் தட்டி ஒரு தாளம் போட்டார். வண்டி முழுக்கச் சிரித்தது. எல்லாருக்கும் அவரைத் தெரிந்திருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை.

பொறாமையாக இருந்தது. அந்த நர்ஸ் மேல், மூட்டைக்காரர் மேல், அந்த நேரத்துக்கு ஏறுகிற எல்லார் மேலும் பொறாமையாக இருந்தது. இவரின் நல்ல பொழுதெல்லாம் இவர்களுக்குப் போகிறது, எனக்கு வருவது அடிமண்டி. கொஞ்சம் யோசித்ததும் வெட்கமாக இருந்தது. ஒரு நாளாவது எழுந்து வந்து பார்த்திருக்கலாமே. யார் வேண்டாம் என்றார்கள்?

ஐந்தரைக்குக் கூடத்தைத் திறந்தேன். உள்ளே ஈர மண்ணின் வாசனை, கண்ணாடிக்கு வெளியே இருட்டு. முதல் சுற்றில் எல்லாச் செடியும் தூக்கத்தில் இருந்தன. வெளிச்சம் இல்லாதபோது செடியும் நம்மைப் போல மூச்சை வெளியேதான் விடும். வாயு எண் எல்லாத் தொட்டியிலும் பூஜ்யத்துக்குக் கீழே. குறித்துக்கொண்டேன்.

இரண்டாவது சுற்று தொடங்கும்போது கண்ணாடி சாம்பல் நிறத்துக்கு வந்திருந்தது. நீலக் காகிதம், அசைவில்லை. சிவப்பு, இப்போதுதான் கண்ணைக் கசக்குகிறது. வெள்ளை, அதேதான். ஒன்பதாவதாக மஞ்சள் காகிதம் ஒட்டிய தொட்டிக்கு வந்து கவ்வியைப் போட்டேன். எண் ஏறியது. நிற்கும் என்று பார்த்தால் நிற்கவில்லை. கருவிக்குக் கோளாறு என்று கழற்றி, காற்றுக் குழாயைச் சரிபார்த்து, வேறொரு இலையில் போட்டேன். அதே எண். மற்றவை பாயைச் சுருட்டுவதற்குள் இது குளித்து முடித்து வேலைக்குப் போய்விட்டது.

இரண்டு வரிசை தள்ளி ஒரு பச்சைக் காகிதத் தொட்டியும் அப்படியே செய்தது. மஞ்சளும் பச்சையும் ஒரே ரகமா, இல்லை இரண்டு வெவ்வேறு ரகங்களா? சட்டைப்பைப் பட்டியலுக்காக உயிர் துடித்தது. தண்ணீர் அண்ணன் எட்டு மணிக்கு வந்தார். நான் அவர் பையைப் பார்த்தேன். அவர் பைமேல் கையை வைத்துக்கொண்டு தேநீரை மட்டும் நீட்டினார்.

ஏழு மணிக்கு மஞ்சளும் பச்சையும் உச்சத்தில் இருந்தன. அப்போது காற்று குளிர்ச்சியாக, ஈரமாக இருந்ததால் வாயை அகலத் திறந்தும் வெளியே போன தண்ணீர் கொஞ்சம்தான். எட்டுக்கும் அப்படியே. ஒன்பதுக்குக் கூடம் சூடாக ஆரம்பித்தது, இரண்டும் மெல்ல மூடத் தொடங்கின. சரியாகப் பத்து மணிக்கு, பதினான்கு வருடமாக நான் முதல் இலையைப் பிடிக்கிற அதே பத்து மணிக்கு, இரண்டும் கதவை இழுத்துச் சாத்தியிருந்தன. எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகுதான் உறைத்தது. நான் வருவதற்கு முன்பே ஒருத்தி ஒரு நாள் வேலையை முடித்துவிட்டு ஓய்வெடுத்துக்கொண்டிருக்கிறாள். இது ஏழாம் எண்ணாக இருந்தால், நான் வந்து பார்த்துவிட்டுச் சோம்பேறி என்று பலகையில் எழுதியிருக்கிறேன்.

மற்றவை பத்துக்கும் பதினொன்றுக்கும் ஜோராக இருந்தன. ஆனால் வெயில் ஏற ஏற, உள்ளே வந்த சாப்பாட்டைவிட வெளியே போன தண்ணீர்தான் கூடிக்கொண்டே போனது. ஒரு மணிக்கு இலைகள் தொங்கின. அப்போதும் சில செடிகள் மூடவில்லை. இரண்டு மணிக்கு என் முதுகும் தொங்கிவிட்டது. மஞ்சளும் பச்சையும் மட்டும் நிமிர்ந்து நின்றன. மாலை ஐந்து மணிக்கு மேல், வெயில் தணிந்ததும், அவை இன்னொரு முறை கொஞ்சம் திறந்தன.

கடைசிச் சுற்று முடிந்ததும் அண்ணன் தராசில் எல்லாத் தொட்டியையும் நிறுத்து எழுதினார். பிறகு காகிதங்களை ஒவ்வொன்றாக உரித்தார். மஞ்சளுக்கு அடியில் ஏழு. என் கண் பச்சைக்குப் போனது. பச்சையை உரிக்கும்போது அது கிழிந்து பாதி ஒட்டிக்கொண்டது, நகத்தால் சுரண்டினார். ஏழு.

கொசு வெளியே படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். சொன்ன சொல் தவறாமல் முதுகைக் காட்டிக்கொண்டு, காலையிலிருந்து அங்கேயே. நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். தாளை நீட்டினேன். அவள் எண்களை ஒரு முறை படித்தாள். திரும்பவும் படித்தாள். பிறகு என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். தண்ணீர் அண்ணன் எங்களைப் பார்த்துவிட்டு, தோல்விதான் என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டு போனார்.

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் தலைவர் என் தாளை மேசையில் விரித்தார்.

"ஏழாம் நம்பர் பத்து மணிக்குப் பன்னெண்டாவது இடம். நாள் முழுக்கச் சேர்த்துப் பார்த்தா?"

"சாப்பாட்டுல அஞ்சாவது சார். முதல் இடம்னு சொல்ல மாட்டேன். ஆனா செலவழிச்ச தண்ணி மத்ததுல பாதிதான். ஒரு குடம் தண்ணிக்கு எவ்வளவு வளருதுன்னு பார்த்தா அதுதான் முதல்."

"நாம தேடறதும் அதைத்தானே" என்றார். கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கப் போகிறார் என்று தெரிந்தது. "அப்ப இந்தப் பத்து மணிங்கற விதியை யாரு போட்டது?"

எல்லாரும் மேசையைப் பார்த்தார்கள். பெயரே பத்துமணி, பிறகு வேறு யாராக இருக்க முடியும்?

"நான்தான் சார். நான் சேர்ந்த வருஷம் ஒரு பழைய ரகத்தை நாள் பூரா அளந்தேன். பத்துலேருந்து பன்னெண்டு வரைக்கும்தான் அதுக்கு உச்சம். அந்தச் செடிக்கு அது சரி. அதுக்கப்புறம் வந்த எல்லாச் செடிக்கும் அதே நேரத்தை வெச்சேன் பாருங்க, அது என் தப்பு. நேரம் தவறாம தப்பு பண்ணியிருக்கேன்."

யாரும் சிரிக்கவில்லை. எனக்குக் காது சூடானது. ஆனால் முழுதாகச் சொல்லாவிட்டால் அன்று தூங்க முடியாது என்று தெரியும். "இன்னொண்ணும் இருக்கு சார். இத்தனை வருஷத்துல பத்து மணி எண்ணைப் பார்த்து நூத்தி அறுபது ரகத்துக்கு மேல கழிச்சிருக்கோம். அதுல எத்தனை இந்த மாதிரி விடியக்காலைல எழுந்து வேலை பார்த்ததோ, எனக்குத் தெரியாது."

கொசுதான் மெதுவாகச் சொன்னாள். "விதை இருக்கு அண்ணி. கழிச்ச ஒவ்வொண்ணுலயும் ஒரு பொட்டலம் குளிர் அறையில எடுத்து வெச்சிருக்கோம். எல்லாம் முளைக்கிற விதைதான்."

எனக்கு அது மறந்தே போயிருந்தது. செடியைப் பிடுங்கும் முன் ஒரு பிடி விதையை உறையில் போட்டு வைப்பது நிலையத்தின் வழக்கம். நூற்றறுபது உறைகள், ஒரு அலமாரிக்குள், குளிரில்.

"அத்தனையையும் திரும்பப் போட்டுப் பார்க்கணும்னா எத்தனை வருஷம் ஆகும்?" என்றார் தலைவர்.

"நான் ஓய்வு பெற இன்னும் ஒம்பது வருஷம் இருக்கு சார்" என்றேன். "விடியக்காலைலேருந்து அளக்க நான் தயார்."

கண்ணாடியைத் துடைத்து முடிக்காமலேயே மாட்டிக்கொண்டு, பட்டியலில் முதல் எண்ணாக ஏழை எழுதினார். அவர் அப்படி அவசரப்பட்டு நான் பார்த்ததில்லை.

கூட்டம் முடிந்ததும் கொசுவும் நானும் கண்ணாடிக் கூடத்துக்குப் போனோம். ஈரத்துணியை எடுத்துக் கரும்பலகையில் அந்த வார்த்தையைத் துடைத்தேன். சுண்ணக்கட்டியால் அழுத்தி எழுதியிருந்ததால் லேசில் போகவில்லை. "விடுங்க அண்ணி, அதுக்குப் படிக்கத் தெரியாது" என்றாள் கொசு. போகும்வரை துடைத்தேன்.

அடுத்த திங்கட்கிழமை ஐந்து மணிக்கு மறுபடியும் தெருமுனையில் நின்றேன். இந்த முறை கொசுவும் கூட இருந்தாள், பாதித் தூக்கத்தில். பையில் குளிர் அறையின் சாவி. வண்டி வந்தது. ஏறி முன் சீட்டில் உட்கார்ந்தேன். ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். நான் கல்யாணமான புதிதில் சிரித்த மாதிரி சிரித்துத் தொலைத்தேன்.

நர்ஸ் ஏறினாள். என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "யாரு அண்ணே இவங்க? போன வாரமும் பார்த்தேன்."

"எங்க வீட்டம்மா" என்றார் அவர், கியரை மாற்றிக்கொண்டே. "இருபத்தி ரெண்டு வருஷமா சாயங்காலத்துல மட்டும்தான் பார்த்திருக்கேன். பார்த்தா கோவக்காரி மாதிரி இருப்பாங்க."

"இப்ப?"

"இப்பத்தானே விடியுது" என்றார். "பார்த்துட்டுச் சொல்றேன்."